வேலிச் சண்டைக்கு மத்தியஸ்த சபை, வாட்டுச் சண்டைக்கு?

மாத்தளை மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில், நாட்டின் மற்ற வைத்தியசாலைகளைப் போலவே, இரண்டு வகைச் சண்டைகள் நடக்கின்றன. ஒன்று செய்தியாகும். தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கும்; நோயாளிகள் வெளிநோயாளர் பிரிவின் வாசலில் நின்று திரும்புவார்கள்; தொலைக்காட்சிக் கமராக்கள் வரும். மற்றது செய்தியாவதில்லை. ஒரு வாட்டில் வைத்தியரும் தாதியும் பேசிக்கொள்வதில்லை. ஒரு மருந்தாளரும் விடுதிப் பொறுப்புத் தாதியும் கடிதம் மூலமே தொடர்பு கொள்கிறார்கள். ஒரு சிற்றூழியர் தன்னை எல்லோர் முன்னிலையிலும் திட்டியவருக்கு இனி ட்ரொலி தள்ளுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்.

முதல் வகையைத் தொழிற்சங்க அரசியல் என்கிறோம். இரண்டாவதை "அவங்களுக்குள்ள ஏதோ பிரச்சினை" என்று விட்டுவிடுகிறோம். மாத்தளையில் வாழ்ந்து, இந்த வைத்தியசாலைகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதிவரும் எனக்கு, இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று தோன்றுகிறது. அரச சுகாதார சேவையில் பிணக்கொன்று எழுந்தால், அதைக் கேட்டுத் தீர்ப்பதற்குப் பக்கம் சாராத ஓர் இடம் கிடையாது. மேலே வர்த்தமானி இருக்கிறது. கீழே இடமாற்றம் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை.

மேல்மட்டத்தில் நடந்தது

2024 ஜனவரியை நினைவுபடுத்திப் பார்ப்போம். வைத்தியர்களுக்கான இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக் கொடுப்பனவு, அதாவது எல்லோரும் டி.ஏ.டி. என்று சொல்லும் கொடுப்பனவு, 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறும் வைத்தியர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அது பொய்யான நியாயமும் அல்ல. ஆனால் அதே நெருக்கடியில், அதே வாட்டில், அதே இரவில் வேலை செய்த தாதியருக்கும், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கும், மருந்தாளருக்கும், சிற்றூழியருக்கும் அந்த உயர்வு இல்லை. ஜனவரி 16 ஆம் திகதி 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் இறங்கின. அரசாங்கம் வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பியது. நோயாளியின் ட்ரொலியைச் சீருடைச் சிப்பாய் தள்ளும் படங்கள் வெளிவந்தன.

இது புதிதல்ல. 2022 பெப்ரவரியில் தாதியரும் துணை மருத்துவ சேவையினரும் சம்பள முரண்பாடு, பதவி உயர்வு ஆகியவற்றை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தபோது, கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அரச தாதியர் சங்கத்தின் வேலைநிறுத்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே வாரத்தில் சுகாதார சேவையை அத்தியாவசிய சேவையாக்கும் வர்த்தமானியும் வெளிவந்தது. 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் ஒவ்வோர் அரசாங்கத்தின் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது வேலைநிறுத்தத்தை நிறுத்தலாம். பிணக்கைத் தீர்க்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2024 இல் கோபம் அரசாங்கத்தின் மீது மட்டும் இருக்கவில்லை. "அவர்களுக்குக் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை" என்ற சொல்லில் "அவர்கள்" என்பது பக்கத்து மேசையில் இருப்பவர். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் காலையில் இருவரும் ஒரே நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டும். கொழும்பில் எடுக்கப்படும் சம்பள முடிவொன்று மாத்தளையில் ஒரு வாட்டில் முகம் திருப்பலாக வந்து இறங்குகிறது. அந்த முகம் திருப்பலைக் கேட்கவோ பேசவோ எவருக்கும் பொறுப்பில்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டை

இலங்கையில் தொழில் தகராறுகளைத் தீர்ப்பதற்கான பிரதான சட்டம் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். தொழில் ஆணையாளர் முன் சமரசம், நடுத்தீர்ப்பு, தொழில் நியாயசபை எல்லாம் அதன்கீழ் வருகின்றன. அச்சட்டத்தின் 49 ஆம் பிரிவு, தொழில்தருநர் என்ற முறையில் அரசுக்கும், அரச ஊழியருக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது. அரச தாதி ஒருவர் தன் மேலதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோக முடியாது.

மாத்தளையில் இதன் முரண் கண்முன்னே தெரிகிறது. எல்கடுவ, ரத்தொட்ட, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் தோட்ட வைத்திய உதவியாளர் கம்பனியின் ஊழியர். அவர் தொழில் திணைக்களத்தின் கதவைத் தட்டலாம். அவர் அனுப்பும் நோயாளியைப் பொறுப்பேற்கும் அரச வைத்தியசாலைத் தாதிக்கு அந்தக் கதவு இல்லை.

அரச ஊழியருக்கு இருப்பது தாபன விதிக்கோவை. அதன் இரண்டாம் தொகுதி ஒழுக்கம் பற்றியது. முறைப்பாடு, ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறைசார் ஒழுக்காற்று விசாரணை என்று அது நடக்கும். அதற்கு மேல் பொதுச் சேவை ஆணைக்குழு. அதற்கும் மேல் 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை. இவை தேவையானவை. களவு, தாக்குதல், கடமை தவறல் போன்றவற்றுக்கு இப்படித்தான் விசாரணை நடக்க வேண்டும். ஆனால் இந்த நடைமுறைக்கு ஒரு குற்றவாளி தேவை. "இரவு வேலைப் பட்டியல் நியாயமில்லை", "நோயாளிகள் முன்னால் என்னைத் திட்டினார்", "அது என் வேலையல்ல, ஆனாலும் ஒவ்வொரு நாளும் என்னிடமே சொல்கிறார்கள்" போன்ற பிணக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. இரண்டு பக்கமும் களைத்துப்போன மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் குற்றவாளியாக்காமல் விதிக்கோவை நகராது. ஆகவே பலர் முறைப்பாடே செய்வதில்லை. செய்பவர்களோ ஆண்டுக்கணக்காக அந்தக் கோப்போடு வாழ்கிறார்கள்.

இதே நாட்டில்தான் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஓரடி தள்ளிப் போட்டால், வழக்குக்குப் போகுமுன் இருவரும் மத்தியஸ்த சபையின் முன் உட்கார்ந்து பேசலாம். சிறு கடன், வாய்த்தர்க்கம், கைகலப்புகூட அங்கே போகும். ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பயிற்சி பெற்று மத்தியஸ்தர்களாக இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலையல்ல. இருவரையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருவதே வேலை. வேலிச் சண்டைக்கு இந்த ஏற்பாட்டைச் செய்த அரசு, உயிரைக் கையாளும் தன் சொந்த வேலைத்தலத்துக்குச் செய்யவில்லை.

ஒரு வாட்டில் நான்கு ஏணிகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வாட்டு ஒரே குழுவாகத் தெரியும். நிர்வாக ரீதியில் அப்படியல்ல. வைத்தியர்கள் விசேட வைத்திய நிபுணருக்கும் பணிப்பாளருக்கும் பதில் சொல்பவர்கள். தாதியர் விடுதிப் பொறுப்புத் தாதி வழியாகப் பிரதம தாதிக்குப் பதில் சொல்பவர்கள். ஆய்வுகூடம், எக்ஸ்ரே, மருந்தகம் ஆகியவற்றில் உள்ளவர்களுக்குத் தனித்தனிச் சேவைகள். சிற்றூழியர் மேற்பார்வையாளருக்குக் கீழ். ஒவ்வோர் ஏணிக்கும் தனிச் சம்பளத்திட்டம், தனிப் பதவி உயர்வு, தனித் தொழிற்சங்கங்கள். நான்கு ஏணிகளும் சந்திக்கும் ஒரே இடம் பணிப்பாளரின் அறை. கட்டடம், மருந்துத் தட்டுப்பாடு, கேள்விப்பத்திரம், அமைச்சின் சுற்றறிக்கை எல்லாவற்றோடும் போராடும் அந்த அறைக்கு வாட்டுச் சண்டை வந்து சேரும்போது அது ஏற்கெனவே முற்றிப்போயிருக்கும்.

ஆகவே இருவருக்கிடையிலான மனத்தாங்கல் இரண்டு நாளில் இரண்டு சங்கங்களின் மோதலாகிவிடுகிறது. இதற்குச் சங்கங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தன் பக்கத்தைக் கேட்க வேறு எவரும் இல்லாதபோது ஊழியர் சங்கத்திடம்தான் போவார். சங்கத்துக்கும் தன் அங்கத்தவரை விட்டுக்கொடுக்க முடியாது. பிரசவ அறையில் தாதியரும் மருத்துவ மாதுக்களும் யார் எதைச் செய்வது என்பது பற்றி இந்நாட்டில் நீண்டகாலமாக நடந்த இழுபறி அப்படித்தான் வளர்ந்தது.

இதில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஓர் அரச வைத்தியசாலையில் ஐந்து நாட்கள் இருந்தார். அந்த வாட்டில் ஒரு வைத்தியருக்கும் தாதியருக்கும் பேச்சில்லை என்பது முதல் நாளே எல்லா நோயாளிகளுக்கும் தெரிந்துவிட்டது. உத்தரவுகள் கட்டில் தலையிலுள்ள அட்டையில் எழுதப்பட்டன. எவரும் எவரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஸ்கேனுக்காக அம்மா காலையில் எதுவும் சாப்பிடக்கூடாது என்று அட்டையில் இருந்திருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியது யார் என்பதில் தகராறு. அம்மா பாணும் தேநீரும் சாப்பிட்டுவிட்டார். ஸ்கேன் இரண்டு நாள் தள்ளிப்போனது. அவருக்குப் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் அட்டையில் இருந்தது ஸ்கேன் அல்ல, ஓர் ஊசி மருந்தின் அளவு என்றால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த வாட்டில் கெட்ட மனிதர் எவரையும் நான் காணவில்லை. எல்லோரும் அவரவர் கடமைப் பட்டியலில் எழுதியிருந்ததைச் செய்தார்கள்.

மாத்தளைக்கே உரிய சிக்கல்கள்

11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட இந்த மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். நூறு பேரில் சுமார் பத்துப் பேர் தமிழர், ஒன்பது பேர் முஸ்லிம்கள். அதாவது ஐந்து நோயாளிகளில் ஒருவருக்கு வீட்டு மொழி தமிழாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு வாட்டில் தமிழ் தெரிந்த ஒரேயொரு தாதியோ சிற்றூழியரோ இருந்தால், தோட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரே மொழிபெயர்ப்பாளர். தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வாட்டுக்கும் ஓடுவார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை; அதற்குக் கொடுப்பனவும் இல்லை. விட்டுப்போன வேலைக்கு மட்டும் கேள்வி வரும். "அவ எப்பவும் அங்க இங்க போறா" என்ற முறைப்பாடு இப்படித்தான் பிறக்கிறது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. சான்றிதழ்கள் கோப்பில் இருக்கின்றன. வயிற்று வலி எந்தப் பக்கம் என்று ஒரு தோட்டத்துப் பாட்டியிடம் கேட்க அந்தச் சான்றிதழ் போதவில்லை.

இரண்டாவது, தோட்டச் சுகாதாரம். அங்கே கம்பனியின் வைத்திய உதவியாளரும் நலன்புரி உத்தியோகத்தரும் ஒருபுறம். அரசின் சுகாதார வைத்திய அதிகாரி, குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மறுபுறம். கர்ப்பிணி ஒருவர் கிளினிக்குக்கு வரவில்லை என்றால் வேலை நேரத்தில் விடுவது தோட்டத் துரையின் கையில். கணக்குக் கொடுப்பது அரச உத்தியோகத்தரின் கையில். இரண்டு நிர்வாகங்களுக்கிடையிலான இந்தத் தகராறு இரண்டு மனிதர்களுக்கிடையிலான கசப்பாக மாறுவதற்கு நீண்ட நாள் தேவையில்லை.

மூன்றாவது, இடமாற்றம். நிர்வாகத்தின் கையில் உள்ள ஒரேயொரு விரைவான மருந்து இதுதான். இருவருக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒருவரை மாற்றிவிடு. யாரை? பெரும்பாலும் பதவியில் சிறியவரை, அல்லது பின்னால் சங்க பலம் இல்லாதவரை. எங்கே? மாத்தளை நகரிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் லக்கல - பல்லேகம, வில்கமுவ இருக்கின்றன. பேருந்து குறைவு, விடுதி வசதி குறைவு, பிள்ளைகளுக்குப் பாடசாலை தூரம். "லக்கலைக்கு அனுப்பிடுவாங்க" என்பது மிரட்டலாகவே சொல்லப்படும்போது, நாம் என்ன செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும். லக்கலையில் வாழும் விவசாயியின் ஊரை நாம் தண்டனை நிலமாக்குகிறோம். அவருக்குக் கிடைப்பவர், தான் அநியாயமாக அனுப்பப்பட்டதாக நம்பும் ஓர் ஊழியர். மறுபுறம் பழைய வாட்டில் பிணக்கின் காரணம் அப்படியே இருக்கிறது. அதே இரவு வேலைப் பட்டியல், அதே ஆள் பற்றாக்குறை, அதே ஒற்றை மொழிபெயர்ப்பாளர். புதிதாக வருபவர் ஆறு மாதத்தில் அதே சண்டைக்கு வந்து சேர்வார்.

மதிப்பிடுவது எப்படி?

சுகாதார ஊழியரின் பிணக்குகளை ஆய்வு செய்பவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் ஒரு வினாக்கொத்தைக் கொடுக்கிறார்கள். 1974 இல் தோமஸ், கில்மன் என்ற இருவர் உருவாக்கிய ஐந்து வழிமுறைகள் அதற்கு அடிப்படையாவது வழக்கம். தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல், போட்டியிடுதல், சமரசம், ஒத்துழைப்பு. "நீங்கள் எந்த வகை?" என்று கேட்டால் ஊழியர் ஒரு கட்டத்தில் அடையாளமிடுவார். பிறகு "தவிர்த்தல் அதிகம், ஆகவே பயிற்சிப் பட்டறை தேவை" என்று முடிவு எழுதப்படும்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பேசினால் இடமாற்றம், பேசாவிட்டால் நிம்மதி என்ற இடத்தில் ஒருவர் பேசாமல் இருப்பதைக் குணம் என்று எழுதுவது நியாயமா? அது அவர் போட்ட சரியான கணக்கு. பட்டறையில் அவருக்கு "திறந்த மனத்தோடு பேசுங்கள்" என்று கற்பித்துவிட்டு, மறுநாள் அதே ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தினால் அவர் எதைப் பேசுவார்? மதிப்பிட வேண்டியது வேறு. கடந்த ஓராண்டில் வாட்டில் எழுந்த பிணக்குகள் எத்தனை பதிவாகின? எத்தனை நாளில் இரு தரப்பும் கேட்கப்பட்டன? எத்தனை இடமாற்றத்தில் முடிந்தன? மாற்றப்பட்டவர் யார், சிற்றூழியரா வைத்தியரா? பிணக்கின் காரணம் நீக்கப்பட்டதா? இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் நிர்வாகம் பிணக்கை முகாமை செய்கிறது என்று சொல்லலாம்.

வெளிநாடுகளிலும் இது எளிதாக நடக்கவில்லை. அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு, ஊழியர்களின் மிரட்டலும் அவமதிப்பும் நோயாளியின் பாதுகாப்பைக் கெடுக்கின்றன என்று 2008 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டு, நடத்தைக் கோவையைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் வைத்தியசாலையின் கொடுமைகள் வெளிவந்த பிறகு, 2015 இல் வந்த பிரான்சிஸ் மீளாய்வு, ஊழியர் பயமின்றிப் பேசுவதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பாதுகாவலர் வேண்டும் என்றது. அப்பதவி அங்கே உருவானது. அமெரிக்க வழியைக் குறித்து அங்கேயே ஒரு குறை சொல்லப்பட்டது. நடத்தைக் கோவை, கேள்வி கேட்பவரையே "இடையூறானவர்" என்று முத்திரை குத்தப் பயன்படலாம் என்பது அது. இலங்கையில் அந்த அபாயம் கூடவே இருக்கும்.

தொழிற்சங்கத்தினர் இங்கே ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். பிணக்குத் தீர்வு என்ற பெயரில் சங்கங்களை ஓரங்கட்டப் பார்க்கிறீர்களா? சம்பளப் பிரச்சினையை மனநிலைப் பிரச்சினையாக மாற்றுகிறீர்களா? இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 35,000 ரூபா வித்தியாசத்தை எந்த மத்தியஸ்தரும் புன்னகையால் தீர்க்க முடியாது. அது பேரம் பேசப்பட வேண்டியது. பொதுச் சேவையில் தொழில் உறவுகள் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 1978 ஆம் ஆண்டு 151 ஆம் இலக்க சமவாயம், பேச்சுவார்த்தை அல்லது மத்தியஸ்தம், சமரசம், நடுத்தீர்ப்பு போன்ற சுயாதீன வழிகளால் பிணக்குத் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது. அதுதான் மேல்மட்டத்துக்குத் தேவை. சங்கங்கள் அதைக் கேட்டுப் போராட வேண்டும். ஆனால் வாட்டில் எழும் பிணக்கு வேறு. அங்கே சங்கம் ஒரு தரப்பு. அதுவே மத்தியஸ்தராகவும் இருக்க முடியாது.

நம்மிடமே உள்ள முன்மாதிரி

வழி தேடி லண்டன் வரை போகத் தேவையில்லை. இந்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அதை அறிவிப்பது 1985 முதல் கட்டாயம். அந்த மரணம் களத்திலும், வைத்தியசாலையிலும், தேசிய மட்டத்திலும் மீளாய்வு செய்யப்படுகிறது. குடும்பநல உத்தியோகத்தரும் விசேட வைத்திய நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று சொல்கிறார்கள். யாரைத் தண்டிப்பது என்பது அங்கே கேள்வியல்ல. அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே கேள்வி. தெற்காசியாவில் தாய் மரணம் குறைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை ஆனதில் அந்த மேசைக்குப் பங்குண்டு. ஏணிகளைக் கொஞ்ச நேரம் மறந்து உட்கார நம் சுகாதார சேவைக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. ஒரு மரணம் நிகழும்வரை அந்த மேசையை விரிக்காமல் இருப்பதே பிரச்சினை.

மாத்தளையில் இதைத் தொடங்கப் புதிய சட்டம் தேவையில்லை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையோடு மூவர் கொண்ட ஒரு மத்தியஸ்தக் குழுவை வைக்கலாம்: ஓய்வுபெற்ற ஒரு வைத்தியர், ஓய்வுபெற்ற ஒரு தாதி, சுகாதார சேவைக்கு வெளியிலிருந்து மத்தியஸ்த சபைப் பயிற்சி பெற்ற ஒருவர். அவர்களில் ஒருவருக்காவது தமிழில் கேட்டுப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பிணக்கொன்றில் இடமாற்றம் எழுதப்படுமுன் இரு தரப்பும் அந்தக் குழுவால் கேட்கப்பட வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். அங்கே சொன்னது எதுவும் ஒழுக்காற்றுக் கோப்புக்குள் போகக்கூடாது. பாலியல் தொந்தரவு, தாக்குதல், களவு போன்றவை அங்கே வரவே கூடாது. அவற்றுக்கு விசாரணைதான் வழி. மொழிபெயர்ப்பு வேலையைக் கடமைப் பட்டியலில் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். பாளி மாறும்போது எல்லாத் தரத்தினரும் பத்து நிமிடம் சேர்ந்து நின்று நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. அதிகாரத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இடமாற்றக் கடிதத்தில் தன்னிச்சையாகக் கையெழுத்திடும் அதிகாரத்தை. அதனால்தான் இது கடினம். அடுத்த சம்பளப் போராட்டம் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும். அப்போது அரசாங்கம் மீண்டும் வர்த்தமானியைத் தேடும். அதற்கு முன் கிடைத்திருக்கும் இந்த இடைவெளியில், ரத்தொட்டையிலோ கலேவெலையிலோ ஒரு வாட்டில் பேச்சை நிறுத்திக்கொண்ட இருவரை ஒரே மேசையில் உட்காரவைக்க முடிந்தால், அது அந்த வாட்டில் கிடக்கும் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதியே.